சர்க்கரை இருந்தால் கழுத்தில் ஆபரேஷன் கூடாதா?

"பூ கட்ட வரமாட்டேங்குது டாக்டர். நாரை மடிச்சா விரல் சொன்ன பேச்சைக் கேக்கலை. முன்னெல்லாம் நூறு பூ கட்டுற நேரத்துல இப்ப இருபதுகூட முடியலை..."

61 வயது அம்மா ஒருவர் என்னிடம் வந்து இப்படித்தான் ஆரம்பித்தார். 14 வருடமாகச் சர்க்கரை. இரண்டு கையும் மரத்துப் போகிறது. பாதத்தில் எரிச்சல். நானும் நாடி பார்த்தேன், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்தேன். 'மதுமேகம் முற்றி நரம்பைத் தொட்டுவிட்டது' என்று முடிவு கட்டினேன். உள்ளுக்குக் குடிநீர், வெளிக்குத் தைலம். நாலு மாதம் ஓடிவிட்டது.

ஐந்தாவது மாதம் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். அன்றைக்குத்தான் முழங்கால் சில்லுக்குக் கீழே சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். சர்க்கரையால் கெட்ட நரம்பு என்றால் கால் மந்தமாக அசைய வேண்டும். இவருக்கோ கால் எகிறிப் போய் மேஜையில் இடித்தது! எனக்குச் சுரீர் என்றது. கோளாறு பாதத்தில் மட்டுமில்லை... கழுத்தில்!

முதல் நாளே தட்டிப் பார்த்திருக்க வேண்டும். கல்லூரியில் கற்றுக்கொடுத்த பாடம்தான். செய்யவில்லை. அந்த நாலு மாதம் என் கணக்கில்தான் சேரும். அந்தத் தாமதம் உங்கள் வீட்டில் யாருக்கும் நேரக்கூடாது என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

கழுத்துக்குள் என்ன நடக்கிறது?

நம் கழுத்தில் 7 எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இருக்கின்றன. நடுநடுவே 'டிஸ்க்' எனப்படும் ஜவ்வு. எலும்புகளுக்குப் பின்னால் குழாய் மாதிரி ஒரு பாதை. அதன் வழியாகத்தான் மூளையிலிருந்து தண்டுவடம் கீழே இறங்குகிறது. சுண்டு விரல் பருமன்தான் இருக்கும். கைக்கும் காலுக்கும் சிறுநீர்ப் பைக்கும் போகிற அத்தனை உத்தரவும் அதற்குள்தான் அடக்கம்.

முன்பின்னாக அளந்தால் அந்தப் பாதை சாதாரணமாக 17 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். 13-க்குக் கீழே போனால் 'குறுகல்' என்கிறார்கள். வயது ஏற ஏற ஜவ்வு வற்றுகிறது, பின்னால் பிதுங்குகிறது. எலும்பு ஓரங்களில் முள் வளர்கிறது. தசைநார் தடிக்கிறது. எல்லாம் சேர்ந்து பாதையை அடைக்கின்றன.

இதில் இரண்டு வகை உண்டு. பக்கவாட்டில் வெளியேறும் நரம்பின் வேர் மட்டும் அழுந்தினால், ஒரு கையில் தோளிலிருந்து விரல் வரை மின்னல் மாதிரி வலி இழுக்கும். தூங்க விடாது. ஆனாலும் இது பெரும்பாலும் மருந்திலும் ஓய்விலும் பயிற்சியிலும் அடங்கிவிடும்.

இரண்டாவது வகைதான் பொல்லாதது. தண்டுவடமே அழுந்துவது. இதில் பலருக்கு வலியே இருக்காது! வலி இல்லாததால் யாரும் கழுத்தைச் சந்தேகப்பட மாட்டார்கள். விரல் மந்தம், நடையில் தள்ளாட்டம் என்று பூனை நடையில் வரும்.

யூகி முனிவர் பிரித்துச் சொன்ன 80 வாத நோய்களில் சகன வாதம் என்று ஒன்று. அதைக் கழுத்து எலும்புத் தேய்மானத்தோடு ஒப்பிட்டுத்தான் நாங்கள் படித்தோம். கழுத்து வலிக்கும் பிடிப்புக்கும் எங்களிடம் மருந்து உண்டு. ஆனால் தண்டுவடத்தை எலும்பு நெரிக்கும்போது அந்த எலும்பைத் தள்ளிவைக்கிற சக்தி எந்தத் தைலத்துக்கும் கிடையாது. சித்த மருத்துவனாக இருந்துகொண்டே இதைச் சொல்கிறேன்.

சர்க்கரையா... கழுத்தா?

2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வுப்படி நம் நாட்டில் சர்க்கரை உள்ளவர்கள் சுமார் 10 கோடிப் பேர். இத்தனை பேரில் வயதானவர்களுக்குக் கழுத்துத் தேய்மானமும் சேர்ந்தே இருப்பதில் ஆச்சரியமில்லை. போதாததற்கு, கழுத்து எலும்பின் பின்புறம் நீளவாக்கில் ஓடும் தசைநார் எலும்பாகவே இறுகிப்போகும் நோய் ஒன்று உண்டு. ஜப்பானியர்களிடம் அதிகம் காணப்படும் இந்த நோய்க்கும் சர்க்கரைக்கும் தொடர்பு இருக்கிறது.

அதனால் 'கை மரத்தால் சர்க்கரைதான்' என்று உட்கார்ந்துவிடக் கூடாது. எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

சர்க்கரையால் வரும் மரப்பு கால் விரல் நுனியில் ஆரம்பிக்கும். இரண்டு பாதத்திலும் ஒரே அளவாக, காலுறை போட்ட மாதிரி மேலே ஏறும். முழங்கால் பக்கம் வந்த பிறகுதான் கை விரல் நுனிக்கு வரும். கால் சரியாக இருக்க, கை மட்டும் முதலில் கெட்டால் சந்தேகப்படுங்கள்.

இரவில் கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல் மட்டும் மரத்து, கையை உதறினால் சரியாகிறதா? அது பெரும்பாலும் மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுவது. இதுவும் சர்க்கரைக்காரர்களுக்கு அதிகம் வரும்.

சட்டைப் பொத்தான், ஊக்கு, சாவி, பேனா... இந்த மாதிரி நுணுக்க வேலை தடுமாறுகிறதா? படி இறங்கப் பயமாக இருக்கிறதா? கால் விறைத்த மாதிரி இருக்கிறதா? கழுத்தைக் குனிந்தால் முதுகில் ஷாக் அடித்த மாதிரி ஓடுகிறதா? சிறுநீர் வந்தால் அடக்க முடியாமல் ஓட வேண்டியிருக்கிறதா? இதெல்லாம் தண்டுவடம் போடுகிற கூச்சல்.

இன்னொரு விஷயத்தையும் மறந்துவிடாதீர்கள். மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருடம் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 வைட்டமின் குறையலாம். சுத்த சைவக்காரர்களுக்கு இன்னும் சுலபமாகக் குறையும். பி12 குறைந்தாலும் கால் மரக்கும், நடை தள்ளாடும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். கழுத்தில் கத்தி வைப்பதற்கு முன் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

வீட்டில் செய்து பார்க்க இரண்டு சோதனை

ஒன்று: கையை நீட்டி, விரல்களை முழுக்க விரித்து முழுக்க மூடுங்கள். பத்து விநாடியில் எத்தனை தடவை? 20 தடவையாவது வர வேண்டும். குறைந்தால், மூடிய விரல் திறக்கச் சிரமப்பட்டால், டாக்டரிடம் போங்கள். முடக்குவாதத்தால் விரல் வீங்கியவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

இரண்டு: ஒரு குதிகாலுக்கு முன்னால் மறு காலின் விரல் இடிக்கிற மாதிரி, கோடு போட்டபடி பத்து அடி நடந்து பாருங்கள். பக்கத்தில் ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும்.

இவை சந்தேகத்தைக் கிளப்ப மட்டும்தான். உறுதி செய்ய நரம்பியல் மருத்துவர் உடம்பைச் சோதிக்க வேண்டும், கழுத்துக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க வேண்டும். அனிச்சைத் துள்ளல் இல்லை என்பதற்காகக் கழுத்து நன்றாக இருக்கிறது என்றும் அர்த்தமில்லை. பல வருடச் சர்க்கரை அந்தத் துள்ளலை மறைத்துவிடவும் கூடும்.

ஆபரேஷனில் என்ன செய்கிறார்கள்?

'கழுத்துல கத்தி வெச்சா கை கால் விழுந்துடுமாமே...' என்று கேட்காதவர்களே கிடையாது. கை கால் விழாமல் இருக்கத்தான் இந்த ஆபரேஷன்!

முன்பக்கமாகச் செய்வது ஒரு முறை. 1950-களின் கடைசியில் அமெரிக்காவில் உருவானது. கழுத்தின் முன்புறம் சிறிதாகக் கீறி, மூச்சுக்குழாயையும் உணவுக் குழாயையும் ஒரு பக்கம் ஒதுக்கி, கெட்டுப்போன ஜவ்வை எடுத்துவிடுவார்கள். அந்த இடத்தில் எலும்புத் துண்டோ சின்னக் கூண்டோ வைத்து, தகடு போட்டுத் திருகிவிடுவார்கள். இரண்டு எலும்பும் நாளடைவில் ஒன்றாக ஒட்டிவிடும்.

பின்பக்கமாகச் செய்வது இன்னொரு முறை. பல இடங்களில் அழுத்தம் இருந்தால் இது. எலும்பின் பின்கூரையை எடுத்துவிடலாம். அல்லது கதவைத் திறந்து வைப்பது மாதிரி ஒரு பக்கமாகத் தூக்கி நிறுத்தித் தண்டுவடத்துக்கு இடம் பண்ணலாம். இந்தக் 'கதவு' முறை 1970-களில் ஜப்பானில் வந்தது.

லேசான அழுத்தம் என்றால் உடனே ஆபரேஷன் என்பதில்லை. மருத்துவர் கண்காணிப்பில் பயிற்சி செய்து பார்க்கலாம். நடுத்தரம், கடுமை என்றால் ஆபரேஷன்தான் என்று 2017-ல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. லேசாக இருந்தவருக்கும் நாளுக்கு நாள் மோசமானால் அதே தீர்ப்புதான்.

சர்க்கரைக்காரர்களுக்குப் பலன் எப்படி?

கட்டுரையின் தலைப்புக்கு வருவோம். சர்க்கரை இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக இந்த ஆபரேஷனைத் தவிர்க்க வேண்டியதில்லை! 2014-ல் வெளியான ஒரு வட அமெரிக்க ஆய்வு, லேசான சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்த ஆபரேஷன் தடையில்லை என்றே சொல்லிவிட்டது. சர்க்கரை உள்ளவர்களும் இல்லாதவர்களும் கை கால் செயலில் முன்னேறினார்கள்.

ஆனால் 'எல்லோருக்கும் ஒரே பலன்' என்று சொன்னால் அது உண்மையில்லை. அதே 2014-ல் ஜப்பானியர்கள் அந்தக் 'கதவு' முறை ஆபரேஷன் செய்துகொண்ட சர்க்கரைக்காரர்களைப் பார்த்தார்கள். மூன்று மாத சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.5-ம் அதற்கு மேலும் இருந்தவர்களுக்கும், பத்து வருடமும் அதற்கு மேலும் சர்க்கரை இருந்தவர்களுக்கும் குணம் குறைவாக இருந்தது.

ஏன் அப்படி? மூன்று காரணம்.

முதலாவது, நீண்ட நாள் சர்க்கரை நுண்ணிய ரத்தக் குழாய்களைக் கெடுத்துவிடுகிறது. அழுத்தத்தை எடுத்தாலும் நசுங்கிய நரம்புக்குப் போதுமான ரத்தம் போக வேண்டுமே!

இரண்டாவது, ஒரே உடம்பில் இரண்டு நோய். கழுத்தில் நெரிசல் ஒன்று. பாதத்தில் சர்க்கரை அரித்த நரம்பு ஒன்று. ஆபரேஷன் முதலாவதைத்தான் சரிசெய்யும். பாத எரிச்சல் அப்படியே இருக்கும். 'இவ்வளவு செலவு பண்ணியும் எரிச்சல் போகலையே' என்று புலம்புகிறவர்கள் இதனால்தான்.

மூன்றாவது, புண்ணும் எலும்பும். சர்க்கரை அதிகம் இருந்தால் கிருமி பிடிக்க வாய்ப்பு அதிகம். முன்பக்கக் கீறலைவிடப் பின்பக்கக் கீறலில் இந்த ஆபத்து கூடுதல். எலும்பு ஒட்டவும் தாமதமாகும். இதோடு சிகரெட்டோ பீடியோ சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஆஸ்பத்திரியில் தங்கும் நாளும் கூடலாம்.

எது முதலில் திரும்பும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கையில் இழுக்கும் வலி சீக்கிரம் போகும். பிறகு நடை, கைச் செயல். மரப்புதான் கடைசி. முன்னேற்றத்தின் பெரும்பகுதி முதல் ஆறு மாதத்தில் தெரியும். அதன் பிறகும் மெதுவாக வரும். எவ்வளவு நாள் நெரிபட்டிருந்தது என்பதைப் பொறுத்தே எவ்வளவு திரும்பும் என்பதும். இந்த ஆபரேஷனின் முதல் வேலை, இருப்பதை மேலும் இழக்காமல் காப்பது. திரும்பக் கிடைப்பது அதற்கு மேல் வரும் லாபம்.

முன்தயாரிப்பில் கவனம்

'சர்க்கரையைக் குறைச்சுட்டு வாங்க, அப்புறம் பார்க்கலாம்' என்பது எல்லோருக்கும் பொருந்தாது. வலி மட்டும்தான், கை கால் பலம் குறையவில்லை என்றால் இரண்டு மூன்று மாதம் எடுத்துக்கொண்டு எச்பிஏ1சி-யை இறக்கலாம். பல மருத்துவமனைகளில் 7.5 அல்லது 8-க்குள் இருப்பதை விரும்புகிறார்கள். ஆனால் நடை நாளுக்கு நாள் மோசமாகிறது என்றால் மூன்று மாதம் காத்திருக்கக் கூடாது. இன்சுலின் போட்டுச் சில நாட்களிலேயே தினசரி சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்துவிடலாம். ஆபரேஷன் சமயத்தில் 180-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்வதே பொதுவான குறிக்கோள்.

'இன்சுலின் போட்டா வாழ்நாள் முழுக்க போடணுமே' என்று அடம் பிடிக்காதீர்கள். ஆபரேஷனுக்காகப் போடுகிற பலர் பிறகு மாத்திரைக்கே திரும்பிவிடுகிறார்கள்.

மாத்திரைப் பெட்டியை அப்படியே எடுத்துக்கொண்டு போங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று 'கிளிஃப்ளோசின்' எனப் பெயர் முடியும் மாத்திரைகளை ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்பே, சிலவற்றை நாலு நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்தாவிட்டால், சர்க்கரை அளவு ரொம்பக் கூடாமலேயே ரத்தத்தில் அமிலம் ஏறிவிடலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள், கேட்டு நிறுத்துங்கள்.

இனி எங்கள் பக்கத்து விஷயம். ஆவாரைக் குடிநீர், சிறுகுறிஞ்சான் பொடி, பற்பம், செந்தூரம் எது சாப்பிட்டாலும் ஆபரேஷன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். 'இங்கிலீஷ் டாக்டர் திட்டுவார்' என்று மறைக்கிறவர்கள்தான் அதிகம். சிறுகுறிஞ்சான் சர்க்கரையை இறக்கும். வெறும் வயிற்றில் ஆபரேஷன் மேஜையில் படுத்திருக்கும்போது சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கினால் ஆபத்து. பூண்டு, இஞ்சி சேர்த்த மாத்திரைகள் ரத்தக் கசிவை அதிகப்படுத்தலாம். நான் என் நோயாளிகளுக்கு இரண்டு வாரம் முன்பே எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லி, சாப்பிட்ட மருந்துகளின் பட்டியலைக் கைப்பட எழுதிக் கொடுத்து அனுப்புகிறேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு

முன்பக்க ஆபரேஷன் என்றால் முதல் சில நாள் விழுங்கச் சிரமமாக இருக்கும், குரல் கம்மும். பெரும்பாலும் சரியாகிவிடும். கஞ்சி, கூழ் என்று சர்க்கரை ஏற்றுகிற நீராகாரமாகவே கொடுக்காமல் பயறு சூப், மோர், மசித்த முட்டை என்று புரதமாகக் கொடுங்கள். புண் ஆறப் புரதம்தான் வேண்டும். சிலருக்குத் தோளைத் தூக்க முடியாமல் போகும். பயிற்சியில் சில மாதங்களில் பெரும்பாலும் திரும்பிவிடும்.

வீக்கம் குறைய ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் சர்க்கரை குபீரென ஏறும். பதற வேண்டாம், அடிக்கடி பாருங்கள். காய்ச்சல், தையலில் சிவப்பு, நீர் வடிதல், மூச்சுத் திணறல், கழுத்தில் திடீர் வீக்கம், புதிதாகக் கை கால் பலவீனம்... இதில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

தைலம் எப்போது? தையல் முழுக்க ஆறி, அறுவை மருத்துவர் 'சரி' என்று சொன்ன பிறகு, கைக்கும் காலுக்கும் மட்டும் லேசாகத் தடவலாம். கழுத்தைத் தொடக் கூடாது.

இந்த இரண்டையும் செய்யாதீர்கள்!

சலூனில் முடி வெட்டி முடித்ததும் தலையை இரண்டு பக்கமும் 'டக் டக்'கென்று நெட்டி முறிப்பார்கள். சுகமாக இருக்கும். கழுத்துப் பாதை ஏற்கனவே குறுகி இருந்தால் அந்த ஒரு திருப்பல் போதும், தண்டுவடம் நசுங்க. 'வேண்டாம்பா' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். தண்டுவடம் அழுந்தியவர்களுக்கு வர்மம், தொக்கணம் என்ற பேரில் கழுத்தைத் திருகுவதும் இதே குற்றம்தான்.

அடுத்தது ஒத்தடம். சர்க்கரையால் மரத்த தோலுக்குச் சூடு தெரியாது. 'இன்னும் கொஞ்சம் சூடா வை' என்று கேட்டு வாங்கிக் கொப்புளம் போட்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். சூட்டை, மரக்காத ஒருவர் தன் கையில் வைத்துப் பார்த்த பிறகே வைக்க வேண்டும்.

அந்த அம்மாவுக்கு என்ன ஆயிற்று?

எம்.ஆர்.ஐ. எடுத்தபோது கழுத்தில் ஐந்தாவது, ஆறாவது எலும்புக்கு நடுவே தண்டுவடம் நசுங்கியிருந்தது. எச்பிஏ1சி 9.4. வீட்டில் பெரிய விவாதம். "சர்க்கரைக்காரிக்குப் புண் ஆறாதே, இந்த வயசுல எதுக்கு?" என்றார் கணவர். மகனோ என்னைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க டாக்டர், உங்க அம்மாவா இருந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார். "இன்னைக்கே கூட்டிட்டுப் போவேன்" என்றேன். வேறென்ன சொல்ல?

ஆஸ்பத்திரியில் சேர்த்து, இன்சுலினில் சர்க்கரையைப் பிடித்து, பத்தாம் நாள் முன்பக்க ஆபரேஷன் செய்தார்கள். புண் ஆறியது. சுவரை விட்டுவிட்டு நடக்கிறார். ஒன்றரை வருடம் ஆகிறது. பாத எரிச்சல் இருக்கிறது. விரல் நுனி மரப்பு கொஞ்சம் இருக்கிறது. போன மாதம் வந்தபோது ஒரு முழம் மல்லிகை கொண்டுவந்து மேஜையில் வைத்தார். "நானே கட்டுனது டாக்டர். இடைவெளி விட்டு விட்டுத்தான் வருது" என்றார். நெருக்கமில்லாத சரம்தான். அந்த இடைவெளியில் என்னுடைய நாலு மாதமும் இருக்கிறது.

அன்றிலிருந்து என்னிடம் 'கை மரக்கிறது' என்று வரும் சர்க்கரைக்காரர் யாராக இருந்தாலும் முதலில் சுத்தியல், பிறகுதான் நாடி.

நினைவில் வைக்க:

* கை மரப்பு எல்லாம் சர்க்கரை அல்ல. கால் நன்றாக இருந்து கை முதலில் கெட்டால் கழுத்தையும் காட்டுங்கள்.
* தண்டுவடம் அழுந்துவதில் வலி இல்லாமலும் இருக்கலாம். விரல் தடுமாற்றமும் நடைத் தள்ளாட்டமுமே அடையாளம்.
* சர்க்கரை ஆபரேஷனுக்குத் தடையல்ல. கட்டுப்பாடில்லாத சர்க்கரைதான் பலனைக் குறைக்கும்.
* நடை மோசமாகிறவர்கள் மூன்று மாதக் கணக்குக்குக் காத்திருக்க வேண்டாம்.
* சாப்பிடும் எல்லா மருந்தையும், நாட்டு மருந்தையும் சேர்த்து, டாக்டரிடம் சொல்லுங்கள்.